நாடியும் நாழிகையும்

இதயம் நிமிடத்துக்கு எத்தனை முறை துடிக்கின்றது என்று அறியக் கைக்கடிகாரம் ஒன்றை விலைகொடுத்து வாங்கத்தான் வேண்டுமா, அல்லது சட்டைப்பையில் இருக்கும் கைப்பேசியே போதுமா என்னும் கேள்வி இன்று பல இல்லங்களில் எழுகின்றது. பெற்றோரை ஊரில் விட்டுவிட்டுத் தில்லியிலும் மும்பையிலும் அகமதாபாத்திலும் பிழைப்பை அமைத்துக்கொண்ட நம்மவர்க்கு இது வெறும் கடைவீதிக் கேள்வியன்று. மாலையில் ஊருக்குப் பேசி, "இன்றைக்கு நாடி எவ்வளவு, அப்பா?" என்று கேட்டு, வருகின்ற விடையை வைத்துக்கொண்டு, இரவு வண்டிக்குப் பயணச்சீட்டு எடுப்பதா வேண்டாவா என்று முடிவு செய்வோர் நம்மிடையே பலர். அந்த ஓர் எண்ணின் மேல் அவ்வளவு பாரம் ஏறியிருக்கின்றது. அவ்வெண் எங்கிருந்து வந்தது, அதனைக் கடிகாரம் எப்போது கைக்கொண்டது, கைப்பேசி எவ்வாறு தொட்டது என்பதைச் சற்று விரிவாக நோக்குவோம். வரலாற்றை அறிந்தால் கேள்விக்கு விடை தானே எளிதாகும்.

நாடி பார்த்தல் நம் நாட்டுக்குப் பழக்கமான கலை. ஆயினும் அதில் நிமிடக் கணக்கு இருந்ததில்லை. சரகரும் சுச்ருதரும் தம் நூல்களில் நாடிப் பரீட்சையைத் தனியாக விளக்கவில்லை. சார்ங்கதர சங்கிதையே அதனைத் தெளிவாக எடுத்துரைக்கும் பழைய ஆயுர்வேத நூல் என்பர். தமிழ்நாட்டுச் சித்த மருத்துவத்திலோ நாடி எட்டு வகைத் தேர்வுகளுள் ஒன்றாக நிலைபெற்றது. மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்து, வாதம், பித்தம், ஐயம் என மூன்றையும் பிரித்தறிவது முறை. வாத நாடி அன்னம் போலும் கோழி போலும் மயில் போலும் நடக்கும். பித்தம் ஆமையும் அட்டையும் போன்றது. ஐயம் தவளையும் பாம்பும் போன்றது என்பது சித்தர் மரபு. வடமொழி மரபில் பாம்பு வாதத்துக்கும், தவளை பித்தத்துக்கும், அன்னம் ஐயத்துக்கும் போய்விடுகின்றன. ஒரே விலங்குகள், வேறு வீடுகள். மொழிபெயர்ப்போர் இவ்விடத்தில் வழுக்கி விழுவதற்கு மிகுந்த வாய்ப்பு உண்டு.

சித்த மருத்துவம் அளவையே அறியாதிருந்தது என்றும் கூறலாகாது. வாதம் ஒரு மாத்திரை, பித்தம் அரை மாத்திரை, ஐயம் கால் மாத்திரை என்று அது விகிதம் வகுத்தது. இதே மாத்திரையைத்தான் நம் இலக்கணமும் கையாளுகின்றது. குறில் ஒன்று, மெய் அரை, மகரக்குறுக்கம் கால். கண் இமைக்கும் நேரத்தாலும் கை நொடிக்கும் நேரத்தாலும் தொல்காப்பியம் மாத்திரையை வரையறுத்தது. செய்யுளை அளந்த கோலாலேயே நாடியையும் அளந்தனர் என்பது நமக்குப் பெருமையாகவே தோன்றுகின்றது. (அதே சொல் விழுங்கும் மருந்துக்கும் பெயராயிற்று, அது வேறு கதை.) ஆனால் மாத்திரை என்பது ஒன்றோடு ஒன்றை ஒப்பிடும் அளவு. நேற்றைய நாடியையும் இன்றைய நாடியையும், கும்பகோணத்து நாடியையும் கான்பூர் நாடியையும் ஒரே தராசில் நிறுக்க அது உதவாது. அதற்கு உடலுக்கு வெளியே ஓடிக்கொண்டிருக்கும் ஒரு காலம் வேண்டும்.

அக்காலமும் நம்மிடம் இல்லாமல் இல்லை. ஒரு நாளுக்கு 60 நாழிகை. ஒரு நாழிகைக்கு 60 விநாழிகை. நீர்க்கடிகாரம் கொண்டு நாழிகை கணக்கிட்டோர் இருந்தனர் என்பதைச் சங்க நூல்களே காட்டுகின்றன. ஒரு விநாழிகை இன்றைய கணக்கில் 24 வினாடி. நிமிடத்துக்கு 72 முறை துடிக்கும் நாடி ஒரு விநாழிகையில் ஏறத்தாழ 29 முறை துடிக்கும். கணக்கு மிக எளிது. நாழிகை வட்டில் அரண்மனையிலும் கோயிலிலும் சோதிடரிடத்திலும் இருந்தது. நோயாளியின் பாய்க்கு அருகில் வந்து நாடியை எண்ணும் வழக்கமாக வேரூன்றவில்லை. மருத்துவர் நாடியின் நடையைக் கேட்டாரேயன்றி அதன் தொகையைக் கேட்கவில்லை.

கிரேக்கரும் பெரும்பாலும் இவ்வாறே இருந்தனர். காலென் என்னும் மருத்துவப் பேரறிஞர் எறும்பு போன்ற நாடி, புழுப்போன்ற நாடி, மான் போலத் துள்ளும் நாடி என வகுத்தார். நம் அன்னத்தையும் ஆமையையும் கண்டு நகைப்போர் இதனையும் நினைவிற் கொள்வாராக. அம்மருத்துவம் அரபு நாடுகளின் வழியாக யூனானியாக வளர்ந்து வடநாட்டில் வேரூன்றியது. தில்லியில் நாடியைக் குறிக்க மக்கள் வழங்கும் 'நப்ஸ்' என்னும் சொல் அரபியிலிருந்து வந்ததே. தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்துவரும் கரோல்பாக்கில் உள்ள திப்பியா கல்லூரியை நம்மவர் பலர் கடந்து சென்றிருப்பர். ஹக்கீம் அஜ்மல் கான் முயன்று அமைத்த அக்கல்லூரியைக் காந்தியடிகள் 1921-இல் திறந்துவைத்தார். கிரேக்கத்தில் தொடங்கிய நாடிக்கலை தில்லிக்கு வந்து சேர்ந்த கதைக்கு அக்கட்டடம் ஒரு சான்று.

கிரேக்கருள் ஒருவர் மட்டும் வேறு வழியில் சென்றார். கி.மு. மூன்றாம் நூற்றாண்டையொட்டி அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த ஹிரோபிலஸ், காய்ச்சல் கண்டவரின் நாடியை அளக்க நீர்க்கடிகாரத்தைப் பயன்படுத்தினார் என்று பழங்குறிப்புக் கூறுகின்றது. எண்ணும் கருத்து அன்றே தோன்றிவிட்டது. ஆனால் அது பரவவில்லை. பதினெட்டு நூற்றாண்டுகளுக்கு மேல் அப்படியே கிடந்தது.

பின்னர் நிகழ்ந்தது ஒரு தலைகீழ் மாற்றம். இத்தாலியில் பைசா நகரத் தேவாலயத்தில் தொங்கிய விளக்கொன்று ஆடுவதைக் கண்ட இளைஞர் கலிலியோ, தம் நாடியைப் பிடித்துக்கொண்டே அதன் ஆட்டங்களை அளந்தார் என்பது அவருடைய மாணவர் விவியானி எழுதிவைத்த கதை. கதை முழுதும் மெய்யோ அன்றோ, அதனுட்பொருள் நமக்கு வேண்டுவது: அங்கே நாடியே கடிகாரமாக இருந்தது. அதன் பின்னர் சான்டோரியோ என்னும் மருத்துவர் அதனைத் திருப்பிப்போட்டார். 1561-இல் பிறந்து 1636-இல் மறைந்த அவர், பதுவா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகவும் இருந்தவர். நூலில் ஒரு குண்டைக் கட்டித் தொங்கவிட்டு, நோயாளியின் நாடித்துடிப்போடு அதன் ஆட்டம் ஒத்துவரும் வரை நூலை நீட்டியும் குறைத்தும் சரிசெய்வார். ஒத்துவந்தவுடன் நூலின் நீளத்தை அளவுகோலில் படித்துக்கொள்வார். நாடி விரைந்தால் நூல் குறுகும், தளர்ந்தால் நீளும். ஆக, அவர் கண்ட விடை 'நிமிடத்துக்கு இத்தனை' என்பதன்று. 'இத்தனை நீளம்' என்பதே. எனினும் முந்தாநாள் நாடியை ஏட்டில் குறித்துவைத்து இன்றைய நாடியோடு ஒப்பிடும் வசதி அந்நூலால் வந்தது. அவர் வைத்த பெயர் 'பல்சிலோஜியம்'.

1628-இல் ஹார்வி என்னும் ஆங்கில மருத்துவர் இரத்தம் உடலெங்கும் சுற்றிவருகின்றது என்று நிறுவிய பொழுது, அவருக்குக் கைகொடுத்ததும் எண்ணிக்கையே. ஒரு துடிப்பில் இதயம் வெளியேற்றும் குருதி மிகச் சிறிது என்று வைத்துக்கொண்டாலும், அரைமணி நேரத்தில் ஆயிரத்துக்கும் மேலான துடிப்புகள் என்று பெருக்கினால், உடலிலுள்ள குருதி முழுவதையும் அது மிஞ்சிவிடும். உண்ணும் உணவிலிருந்து இவ்வளவு குருதி புதிதாக ஊற முடியாது. ஆகவே அதே குருதியே திரும்பத் திரும்ப வருகின்றது. இந்த முடிவுக்கு அவர் அறுவைக் கத்தியோடு பெருக்கல் வாய்ப்பாட்டையும் துணைக்கொண்டார்.

நோயாளியின் படுக்கைக்குக் கடிகாரத்தைக் கொண்டுவந்தவர் ஜான் பிளாயர். இங்கிலாந்தில் லிச்பீல்டு என்னும் ஊரில் மருத்துவம் பார்த்தவர். முதலில் சாதாரணக் கடிகாரங்களையும், மாலுமிகள் பயன்படுத்திய ஒரு நிமிட மணற்குப்பியையும் வைத்து முயன்றுபார்த்தார். மனநிறைவு ஏற்படவில்லை. சாமுவேல் வாட்சன் என்னும் கடிகாரத் தொழிலாளர் அவருக்காக ஒரு நிமிடம் ஓடும் தனிக் கடிகாரம் ஒன்றைச் செய்தளித்தார். அதன் துணையோடு 'மருத்துவரின் நாடிக்கடிகாரம்' என்று பொருள்படும் நூலை 1707-இல் பிளாயர் வெளியிட்டார். வயது, பருவம், உணவு முதலியவற்றுக்கு ஏற்ப நாடி நிமிடத்துக்கு எவ்வளவு என்று பட்டியல் வகுத்தார். சீனர்களின் நாடிக்கலையைப் பற்றியும் அந்நூலில் எழுதினார் என்பது குறிப்பிடத்தக்கது. கிழக்கின் விரலை அவர் இகழவில்லை. ஆங்கில அகராதி கண்ட சாமுவேல் ஜான்சன் குழந்தையாக இருந்தபோது, கண்டமாலை நோய் தீர அரசியின் கைபட வேண்டும் என்று அவர் தாய்க்கு அறிவுரை கூறியவரும் இதே பிளாயர்தாம். வினாடியை எண்ணிய மனிதரே அரசியின் கையையும் நம்பினார். மனித உள்ளம் இப்படித்தான் இருக்கின்றது.

பிளாயரின் கடிகாரத்தை மருத்துவ உலகம் உடனே ஏற்கவில்லை. மருத்துவமனையில் நாடியை எண்ணிக் குறித்தல் அன்றாட வழக்கமாவதற்கு மேலும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் சென்றது. அதன் பின்னர், வினாடி முள்ளுள்ள கடிகாரம் மருத்துவப் பணியின் அடையாளமாகவே ஆயிற்று. செவிலியர் தம் கடிகாரத்தை மார்பில் தலைகீழாகத் தொங்கவிட்டுக்கொண்டனர். குனிந்து பார்த்தால் அவர்க்கு நேராகத் தெரியும். கையை முழங்கை வரை கழுவவும் தடையிராது.

இதுவரை விரல் உணர்ந்தது, கடிகாரம் காலத்தைக் காட்டியது, மனிதர் எண்ணினார். இம்மூன்றையும் ஒரே கருவியில் அடக்கும் முயற்சி 19-ஆம் நூற்றாண்டில் தொடங்கியது. பிரான்சு நாட்டு மாரே 1860-இல் மணிக்கட்டில் கட்டும் நெம்புகோலால் நாடியின் அலையைக் காகிதத்தில் வரையச் செய்தார். ஜாவாத் தீவில் பிறந்து ஹாலந்தின் லெய்டன் நகரில் பணியாற்றிய ஐந்தோவன், இதயத்தின் மின்னோட்டத்தையே மெல்லிய இழை ஒன்றின் அசைவால் பதிவுசெய்தார். அவருடைய கருவியின் எடை சற்றேறக்குறைய 270 கிலோ. அதனை இயக்க ஐவர் வேண்டும். நோயாளி கைகளையும் காலையும் உப்புநீர்த் தொட்டிகளில் அமிழ்த்தி உட்கார்ந்திருப்பார். அவ்வளவு பெருங்கருவியை மருத்துவமனைக்குக் கொண்டுபோக இயலுமா? இயலாது. ஆகவே 1905-இல் ஐந்தோவன் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் தொலைவிலிருந்த மருத்துவமனையிலிருந்து தம் ஆய்வுக்கூடத்துக்குத் தொலைபேசிக் கம்பியின் வழியாகவே நோயாளியின் இதயத்துடிப்பை வரவழைத்தார். தொலைபேசிக்கும் இதயத்துக்கும் உள்ள உறவு இன்று நேற்று ஏற்பட்டதன்று. அதற்கு 120 ஆண்டு நிரம்பிவிட்டது. ஐந்தோவனுக்கு 1924-ஆம் ஆண்டுக்குரிய நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

வானொலிக்கும் இதில் பங்குண்டு. அமெரிக்காவின் மோன்டானா மாநிலத்தைச் சேர்ந்த நார்மன் ஹோல்டர், நடமாடும் மனிதரின் இதயத்தைப் பதிவுசெய்ய விரும்பினார். 1940-களின் இறுதியில் அவர் அமைத்த வானொலிப் பரப்பி ஏறத்தாழ 38 கிலோ. அதனை முதுகில் சுமந்துகொண்டு அவரே மிதிவண்டிப் பயிற்சி செய்து காட்டினார். 1960-களில் அது சட்டைப்பை அளவுக்குச் சுருங்கியது. இன்றும் இதயநோய் மருத்துவர் ஒரு நாள் முழுதும் அணிந்திருக்கச் சொல்லும் சிறு கருவிக்கு அவர் பெயரே வழங்குகின்றது.

மற்றொரு வழி ஒளியின் வழி. அமெரிக்காவில் ஹெர்ட்ஸ்மன் 1930-களின் பிற்பகுதியில் விரலில் ஒளியைச் செலுத்தி, ஒவ்வொரு துடிப்பிலும் குருதி பெருகிக் குறைவதை ஒளிமின்கலத்தால் அளந்தார். ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அவோயாகி 1970-களில் அவ்வொளியைக் கொண்டே குருதியிலுள்ள உயிர்வளியின் அளவையும் காண வழி கண்டார். 2020, 2021 ஆகிய ஆண்டுகளில் கொரோனா கொடுநோயின் போது விரலிற் கவ்வும் அச்சிறு கருவி நம் வீடுகளுக்குள் புகுந்ததை நேயர்கள் மறந்திருக்கமாட்டார்கள். உயிர்வளிக்குரிய எண்ணையே அனைவரும் அச்சத்தோடு நோக்கினர்; அதன் அருகே நாடிக்குரிய எண்ணும் ஒளிர்ந்துகொண்டிருந்தது. கறுத்த தோலில் அக்கருவி உயிர்வளியைச் சற்றுக் கூடுதலாகக் காட்டிவிடக்கூடும் என்று 2020-இல் அமெரிக்க ஆய்வொன்று உணர்த்தியது. நம் போன்றோர் அறிந்திருக்க வேண்டிய செய்தி இது.

இனிக் கடிகாரத்துக்கு வருவோம். இதயத்துடிப்பைக் காட்டும் கைக்கடிகாரம் முதலில் தானாக எதையும் அளக்கவில்லை. பின்லாந்தின் போலார் நிறுவனம் 1980-களின் தொடக்கத்தில் விற்பனைக்குக் கொணர்ந்த கருவியில் அளப்பது மார்பில் கட்டிய வார். கடிகாரம் அதன் செய்தியை வாங்கிக் காட்டியதே அன்றி வேறில்லை. மணிக்கட்டிலேயே ஒளியால் அளக்கும் கடிகாரங்கள் 2010-களில்தான் பெருகின. 2015-இல் விற்பனைக்கு வந்த ஆப்பிள் கடிகாரம் அவ்வகையுள் பெயர்பெற்றது. அதன் அடியில் பச்சை ஒளி மின்னுவதைக் காணலாம். குருதி பச்சை ஒளியை நன்கு விழுங்கும் இயல்புடையது. ஆதலால் துடிப்புக்குத் துடிப்பு திரும்பிவரும் ஒளி மாறுபடும்.

கைப்பேசியோ புதிய உறுப்பு எதுவும் இன்றியே இவ்வேலையைச் செய்கின்றது. நிழற்படக் கண்ணின் மேலும் அருகிலுள்ள விளக்கின் மேலும் விரல்நுனியை வைத்தால், விளக்கொளி விரலுக்குள் பரவிச் சிவந்து கண்ணை அடைகின்றது. ஒவ்வொரு துடிப்பிலும் விரலில் குருதி சிறிது மிகும். படம் சிறிது மங்கும். வினாடிக்கு 30 படம் எடுக்கும் கைப்பேசி, நிமிடத்துக்கு 72 என்னும் நாடியில், ஒரு துடிப்புக்கு 25 படங்களை எடுத்துவிடும். அம்மங்கலை எண்ணுவதே செயலியின் வேலை. 2014-இல் சாம்சங் தன் கைப்பேசி ஒன்றின் பின்புறத்தில் இதற்கென்றே தனி உணர்வுறுப்பை அமைத்தது. சில ஆண்டுகளில் அதனைக் கைவிட்டது. 2021-இல் கூகுள் நிறுவனம் தன் உடல்நலச் செயலியில் நிழற்படக் கண்ணால் நாடி எண்ணும் வசதியைச் சேர்த்தது.

இவ்வளவும் கண்டபின் முதற்கேள்விக்கு விடை கூறலாம். கைப்பேசிச் செயலி பிளாயரின் வழித்தோன்றல். நாம் கேட்கும்போது, நாம் அசையாமல் அமர்ந்திருக்கும்போது, ஒரு நிமிடத்துக்கு உரிய கணக்கைத் தருகின்றது. கைக்கடிகாரம் ஹோல்டரின் வழித்தோன்றல். நாம் கேளாதபோதும், உறங்கும்போதும், மாடி ஏறும்போதும் விடாது எண்ணுகின்றது. ஓய்வு நிலையில் நாடி எவ்வளவு என்று நாள்தோறும் குறித்துக்கொள்ள விரும்பும் பெரியவர்க்கு முன்னையது போதும் என்பதே நம் கருத்து. அதற்காகப் பிள்ளைகள் பெருந்தொகை செலவிட்டுக் கடிகாரம் அனுப்ப வேண்டுவதில்லை; இரவுதோறும் அதற்கு மின்னேற்றும் தொல்லையும் இல்லை. நடைப்பயிற்சியின்போது நாடியை அறிய வேண்டியவர்க்குக் கைப்பேசி உதவாது. விரல் அசைந்தால் கணக்குக் கெட்டுவிடும். எப்போதோ வந்து சில கணங்களில் மறைந்துவிடும் படபடப்பு உடையவர்க்கும் அது போதாது. அவர் செயலியைத் திறக்கும் முன்னரே படபடப்பு ஓடிவிடும். அவ்வாறு உடையவர் கடிகாரக் கடைக்கன்றி மருத்துவரிடம் செல்வதே முறை. மார்வலியோ மயக்கமோ மூச்சுத்திணறலோ தோன்றினால் எந்த எண்ணையும் பார்த்துக்கொண்டிருத்தல் ஆகாது.

அந்நிய மொழி பேசும் நகரில் வாழ்வோர்க்கு எண்ணின் அருமை தனிச்சிறப்புடையது. "படபடவென்று அடித்துக்கொள்கின்றது", "நெஞ்சு திக்கென்கின்றது" என்பனவற்றை வங்க மருத்துவரிடமோ குஜராத்தி மருத்துவரிடமோ அம்மா எவ்வாறு எடுத்துரைப்பார்? மகன் மொழிபெயர்த்தாலும் பாதி வழியில் உயிர் போய்விடும். "காலையில் 78, படபடத்தபோது 124" என்று தாளில் எழுதி நீட்டினால், எந்த மாநிலத்து மருத்துவரும் படித்துக்கொள்வார். ஓய்வாக இருக்கும் வளர்ந்தவர்க்கு 60 முதல் 100 வரை இயல்பு என்னும் அளவு எல்லாருக்கும் பொது. ஆனால் எண் மட்டும் எழுதினால் போதாது. அப்போது என்ன செய்துகொண்டிருந்தார், என்ன உண்டிருந்தார் என்பதையும் பக்கத்தில் குறிக்க வேண்டும். பிளாயரே தம் பட்டியலில் அவற்றைச் சேர்த்தார் அன்றோ.

செயலியைத் தேர்வதிலும் கருத்து வேண்டும். நாடியை எண்ண நிழற்படக் கண் வேண்டும். விலாசப் பட்டியலும் குறுஞ்செய்திகளும் வேண்டுவதில்லை. அவற்றைக் கேட்கும் செயலியை நீக்கிவிடுவதே நன்று. கொரோனாக் காலத்தில், உயிர்வளியை அளப்பதாகக் கூறிக்கொண்டு விரல்ரேகையையும் பிற செய்திகளையும் கவர முயன்ற போலிச் செயலிகள் குறித்து மத்திய உள்துறையின் இணையப் பாதுகாப்புப் பிரிவு 2020-இல் எச்சரித்ததுண்டு.

ஊரிலுள்ள பெரியவர்க்குத் தொலைபேசியிலேயே சொல்லிக்கொடுக்க வேண்டிய முறை இது. ஐந்து நிமிடம் சாய்ந்து அமர்ந்திருக்கட்டும். காப்பி அருந்தியவுடன் வேண்டா. விரல் சில்லிட்டிருந்தால் உள்ளங்கையில் தேய்த்துச் சூடேற்றிக்கொள்ளட்டும். விரல்நுனியை மெல்ல வைக்க வேண்டும். அழுத்தினால் குருதியோட்டம் தடைப்பட்டுச் செயலி ஏமாறும். விளக்கு நெடுநேரம் எரிந்தால் விரலில் சூடு தட்டும், அப்போது எடுத்துவிடலாம். முதல் வாரத்தில் ஒரு நாள், சுவர்க் கடிகாரத்தின் வினாடி முள்ளைப் பார்த்துக்கொண்டு, கட்டைவிரலின் அடியில் மணிக்கட்டின் மேல் இரு விரல்களை வைத்துத் தாமே எண்ணிச் செயலியின் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும். பதினைந்து வினாடி எண்ணி நான்கால் பெருக்குவது பலர் வழக்கம். அதில் ஒரு துடிப்புத் தவறினால் விடையில் நான்கு தவறிவிடும். நிமிடம் முழுவதும் எண்ணச் சொல்லுங்கள். துடிப்புகளின் இடைவெளி ஒருபடித்தாக இல்லாமல் தாறுமாறாக வருவதும் அப்போதுதான் விரலுக்குத் தெரியவரும்; அப்படித் தெரிந்தால் அந்த நாளையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு மருத்துவரிடம் காட்டச் சொல்லுங்கள்.